வெட்டி ஒட்டினால் போதுமா? கோப்புகளை இணைக்கலாமே!

கல்லூரித் தமிழ் மன்றத்தின் தீபாவளி நிகழ்ச்சிக்கு நான்கு குழுக்கள் வேலை செய்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பஃபலோ சாலையில் பூமாலை வாங்குவது அலங்காரக் குழுவின் பொறுப்பு. சிராங்கூன் சாலை உணவகம் ஒன்றில் சாப்பாட்டுக்குச் சொல்வது உணவுக் குழுவின் பொறுப்பு. ஒவ்வொரு குழுவும் தன் செலவைத் தனி எக்செல் கோப்பில் எழுதுகிறது. பொருளாளர் நான்கையும் திறந்து, மொத்தத் தொகைகளை நகலெடுத்துத் தம் கோப்பில் ஒட்டுகிறார்.

மறுநாள் சாப்பிட வருவோர் எண்ணிக்கை 200லிருந்து 250 ஆகிறது. தலைக்கு 6 வெள்ளி என்றால், உணவுச் செலவு 1,200 வெள்ளியிலிருந்து 1,500 வெள்ளிக்கு உயர்கிறது. உணவுக் குழு தன் கோப்பைத் திருத்திவிட்டது. பொருளாளரின் கோப்பிலோ பழைய 1,200 அப்படியே நிற்கிறது. அதை நம்பி மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் ஒதுக்கினால், கடைசியில் 300 வெள்ளி துண்டு விழும்.

வங்கியிலும் இதே பழக்கம்

2012ல் ஜேபி மார்கன் வங்கியின் லண்டன் அலுவலகம் செய்த நிதி ஒப்பந்தங்களால் ஏறத்தாழ 6.2 பில்லியன் அமெரிக்க டாலர் நட்டம் ஏற்பட்டது. ‘லண்டன் திமிங்கிலம்’ என்று அந்த விவகாரம் பெயர் பெற்றது. வங்கி நடத்திய விசாரணையின் அறிக்கை 2013 ஜனவரியில் வெளிவந்தது. எவ்வளவு பணத்தை இழக்கக்கூடும் என்று கணிக்கும் முறை பல எக்செல் கோப்புகளில் இயங்கியதாகவும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எண்களைக் கையால் நகலெடுத்து ஒட்ட வேண்டியிருந்ததாகவும் அது கூறியது. ஒரு சூத்திரத்தில் சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். நட்டத்துக்கு விரிதாள் மட்டுமே காரணமன்று. ஆனால் எச்சரித்திருக்க வேண்டிய எண், ஆபத்தைக் குறைத்துக் காட்டியது.

இணைப்பது எப்படி?

இரு கோப்புகளையும் திறந்துகொள்ளுங்கள். மொத்தக் கணக்கில் ஒரு கட்டத்தில் சமக்குறி இடுங்கள். உணவுக் குழுவின் கோப்புக்குப் போய், மொத்தத் தொகை உள்ள கட்டத்தைச் சொடுக்கி ‘என்டர்’ தட்டுங்கள். சதுர அடைப்புக்குறிக்குள் கோப்பின் பெயர், பிறகு தாளின் பெயர், ஆச்சரியக்குறி, கட்டத்தின் முகவரி என்று எக்செல் தானாகவே எழுதிக்கொள்ளும். இனி அங்கே எண் மாறினால் இங்கேயும் மாறும். மூலக் கோப்பு மூடியிருந்தால், மொத்தக் கணக்கைத் திறக்கும்போது புதுப்பிக்கலாம்.

முகவரியில் இரண்டு டாலர் குறிகள் இருக்கும். அப்படியே இழுத்து நிரப்பினால் எல்லாக் கட்டங்களிலும் ஒரே எண்தான் வரும். ‘எஃப்4’ விசையால் அவற்றை நீக்கிவிட்டு இழுங்கள்.

மாதத்தைச் சொன்னால் எண் வருமா?

மாதத்துக்கு ஒரு கோப்பு என 12 கோப்புகள் இருந்தால்? ஒரு கட்டத்தில் ‘மார்ச்’ என்று எழுதியதும் மார்ச் கோப்பின் தொகை வர வேண்டும். இதற்கு உதவுவது ‘இன்டைரக்ட்’ என்ற செயற்கூறு. எழுத்தாக இருக்கும் முகவரியை அது உண்மையான முகவரியாக மாற்றும்.

ஆனால் ஒரு சிக்கல். மூலக் கோப்பு திறந்திருந்தால்தான் அது வேலை செய்யும், மூடினால் ‘#ரெஃப்!’ என்ற பிழை வரும். உங்கள் கணினியில் சரியாகத் தெரிந்த கணக்கு, ஆசிரியரின் கணினியில் பிழைகளாக நிற்கலாம்.

பல கோப்புகள் இருந்தால் ‘பவர் குவெரி’ மேல். எல்லா மாதங்களுக்கும் ஒரே மாதிரியான தலைப்புகள் வைத்து, கோப்புகளை ஒரே கோப்புறையில் போடுங்கள். மூடிய கோப்புகளையும் அது படித்து ஒரே அட்டவணையாக்கும். புதிய மாதத்தின் கோப்பைச் சேர்த்து ‘ரெஃப்ரெஷ்’ தட்டினால் போதும். கூகல் ஷீட்ஸ் பயன்படுத்துவோர்க்கு ‘இம்போர்ட்ரேஞ்ச்’ உண்டு. மூலக் கோப்பின் இணைய முகவரியைக் கொடுத்து, முதல்முறை மட்டும் அனுமதி அளிக்க வேண்டும்.

மறக்கக்கூடாதவை

இணைத்த கோப்புகளின் பெயரையோ இடத்தையோ இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள், இணைப்பு அறுந்துவிடும். எந்த எண் எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்பதை முதல் தாளில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு பொறுப்பேற்பவருக்கு அதுதான் வழிகாட்டி.

இணைப்பு பழைய எண்ணைத் தடுக்குமே தவிர, தவறான சூத்திரத்தைத் திருத்தாது. மூலத்தில் உள்ள பிழையும் சேர்ந்தே வரும். அதனால் கணக்கை அனுப்புமுன் ஒரு வரியையாவது கையால் போட்டுப் பாருங்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரி வேலைப்பயிற்சியிலோ முதல் வேலையிலோ நீங்கள் தரும் எண்ணை வைத்து வேறொருவர் முடிவெடுப்பார். அதற்குமுன் இரண்டு சிறு கோப்புகளை இணைத்துப் பழகுங்கள். ஒன்றில் எண்ணை மாற்றுங்கள், பிறகு அதை மூடுங்கள், பெயரையும் மாற்றிப் பாருங்கள். எது தாங்குகிறது, எது அறுகிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.