சிறிய மில்லிங் இயந்திரம்: முதலில் வாங்க வேண்டிய கருவிகள்

“சிறுகக் கட்டிப் பெருக வாழ்” என்பது நம் முன்னோர் வாக்கு. வீடு கட்டுவோர்க்கு மட்டுமன்றிப் பட்டறை அமைப்போர்க்கும் இவ்வறிவுரை பொருந்தும்.

தோட்டங்களில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள் கியாட்மாரா மையங்களிலும் தொழிற்பயிற்சிக் கழகங்களிலும் இயந்திரத் தொழில் பயின்று வெளிவருகின்றனர். அவர்களுள் சிலர் சொந்தமாகச் சிறு பட்டறை தொடங்க எண்ணி, மேசைமேல் வைத்து வீட்டு மின்சாரத்தில் இயக்கத்தக்க சிறிய மில்லிங் இயந்திரம் ஒன்றை வாங்குகின்றனர். அதற்குரிய பணம் பெரும்பாலும் பால்வெட்டில் ஈடுபட்ட தாய் தந்தையரின் சேமிப்பாகும். இயந்திரம் வீடு வந்து சேர்ந்த பின்னரே ஓர் உண்மை விளங்குகிறது. பிடிக்கவும் வெட்டவும் அளக்கவும் உரிய கருவிகள் இல்லையேல் அவ்வியந்திரம் ஒரு வேலையும் செய்யாது. அவற்றை வாங்க, இயந்திர விலையில் பாதியோ அதற்கு மேலுமோ செலவாகக்கூடும்.

இந்நிலையில், பல உருப்படிகளை ஒரே பெட்டியில் அடுக்கி மலிவாக விற்கும் தொகுதிகள் கண்ணைக் கவரும். அவற்றுள் பாதிக்கு மேல் ஒருநாளும் பயன்படாமற் போகலாம். எனவே விலைப்பட்டியலைப் பார்த்து வாங்குவதைவிட, செய்யப்போகும் வேலையைப் பார்த்து வாங்குவதே அறிவுடைமை. ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதற்கு என்னென்ன தேவை என்று ஆராய்வோம்.

வேலை ஒன்று, தேவை பல

கடைசல் இயந்திரத்தில் வேலைப்பொருள் சுழலும்; கத்தி நகரும். மில்லிங் இயந்திரத்திலோ கத்தி சுழலும். மேசையில் இறுகப் பிடிக்கப்பட்ட வேலைப்பொருள் அதன் கீழே நகரும். தட்டையான முகங்களையும் பள்ளங்களையும் வெட்ட இதுவே ஏற்றது.

நீர் இறைக்கும் பம்பு ஒன்றின் தண்டு தேய்ந்துவிட்டது. புதிய தண்டு செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தண்டின் விட்டம் 20 மில்லிமீட்டர். கப்பி வழுக்காமல் சுழல, அதில் பட்டறையினர் ‘கீவே’ எனக் கூறும் சாவிப் பள்ளம் வெட்ட வேண்டும். இவ்விட்டமுள்ள தண்டிற்கு வழக்கமான அளவு, 6 மில்லிமீட்டர் அகலமும் 3.5 மில்லிமீட்டர் ஆழமும் ஆகும்.

வேலைப்பொருளைப் பிடிக்கும் கருவிகள்

முதற் செலவு நல்ல ‘வைஸ்’ ஒன்றிற்கே ஆகட்டும். துளையிடும் இயந்திரத்திற்குரிய மலிவான வைஸ் இங்கே உதவாது. இறுக்கும்போது அதன் நகரும் தாடை மேலெழும்பி, வேலைப்பொருளையும் தூக்கிவிடும். மில்லிங் வேலைக்கெனச் செய்யப்பட்ட வைஸ், தாடையைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும். சிறிய இயந்திரத்திற்கு 75 அல்லது 100 மில்லிமீட்டர் அகலமுள்ள தாடை போதும்.

அடுத்து, மேசையின் காடியில் மாட்டும் டி-நட்டு, போல்டு, கிளாம்பு, படிக்கட்டை ஆகியவை அடங்கிய தொகுதி ஒன்று தேவை. வாங்குமுன் காடியின் அகலத்தை அளந்து குறித்துக்கொள்க. எல்லா இயந்திரங்களுக்கும் அது ஒன்றன்று. கிளாம்பு இறுக்கும்போது, போல்டு படிக்கட்டையைவிட வேலைப்பொருளுக்கு அருகில் இருக்க வேண்டும். அப்போதுதான் இறுக்கம் வேலைப்பொருளின்மேல் விழும்.

தண்டைத் தாடைகளுக்கிடையே உயர்த்தி வைக்க, ஒரே உயரமுள்ள இணைக் கட்டைகள் வேண்டும். தண்டு நீளமாயின், ‘வி’ வடிவக் கட்டைகள் இரண்டின்மேல் கிடத்திக் கிளாம்பு போடலாம்.

கத்தியைப் பிடிக்கும் கருவிகள்

துளையிடும் சக்கிலேயே மில்லிங் கத்தியையும் மாட்டிவிடலாம் என்று சிலர் எண்ணுவர். இது ஆபத்தானது. துளையிடும்போது விசை நேர் கீழாகச் செல்லும். மில்லிங் செய்யும்போதோ பக்கவாட்டில் தாக்கும். அத்தாக்குதலால் சக் கழன்று விழலாம், கத்தியும் நழுவலாம்.

கத்தியைச் சுற்றிலும் சீராக இறுக்கும் ‘காலெட்’ என்பதே தக்க பிடிப்பு. இ.ஆர். 32 என்னும் வகை 2 முதல் 20 மில்லிமீட்டர் வரையிலும், இ.ஆர். 25 என்னும் வகை 1 முதல் 16 மில்லிமீட்டர் வரையிலும் பிடிக்கும். முழுத் தொகுதி உடனே வேண்டியதில்லை. கைவசமுள்ள கத்திகளின் தண்டளவுக்கு ஏற்ற இரண்டு மூன்று காலெட்டுகள் போதும். காலெட்டை முதலில் நட்டினுள் அழுத்திப் பொருத்தி, அதன் பின்னரே இரண்டையும் சேர்த்துத் திருக வேண்டும். இம்முறை தவறினால் கத்தி கோணலாகச் சுழலும், காலெட்டும் கெடும்.

சிறிய இயந்திரங்களின் சுழல் அச்சுத் துளை பெரும்பாலும் ஆர் 8 அல்லது மோர்ஸ் 3 என்னும் வகையாக இருக்கும். ஒன்றிற்குரிய பிடிப்பு மற்றொன்றில் பொருந்தாது. இயந்திரக் குறிப்பேட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டு வாங்குக.

வெட்டும் கத்திகள்

பால்வெட்டுத் தொழிலாளர்க்குக் கூர்மையின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. மழுங்கிய கத்தி பட்டையைச் சிதைக்கும், மரத்தைப் புண்ணாக்கும். இரும்பிலும் அப்படியே. எனவே இருபது மலிவான கத்திகளைவிட நான்கு நல்ல கத்திகள் மேலானவை.

தொடக்கத்தில் 6 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் அளவுகளில், இரண்டு வெட்டுவாய் உள்ளது ஒன்றும் நான்கு வெட்டுவாய் உள்ளது ஒன்றுமாக வாங்கலாம். இரண்டு வாய்க் கத்தி, பள்ளம் வெட்டவும் அலுமினியத்திற்கும் ஏற்றது. சீவல் வெளியேற அதில் இடம் மிகுதி. நான்கு வாய்க் கத்தி, எஃகின் பக்கங்களைச் சீராக்க உதவும். ‘ஹை ஸ்பீடு ஸ்டீல்’ எனப்படும் அதிவேக எஃகுக் கத்திகளே பழகுவோர்க்கு உகந்தவை. கார்பைடு கத்தி மிகக் கடினமானது. ஆயினும் சிறிய இயந்திரத்தின் அதிர்வில் எளிதில் உடையும்.

வேகத்தைக் கணக்கிடுவது எளிது. வெட்டு வேகத்தை 318 ஆல் பெருக்கி, கத்தியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். மென் எஃகிற்கு அதிவேக எஃகுக் கத்தியின் வெட்டு வேகம் நிமிடத்திற்குச் சுமார் 25 மீட்டர். 6 மில்லிமீட்டர் கத்திக்கு 25 × 318 ÷ 6 = 1,325. அதாவது நிமிடத்திற்கு ஏறக்குறைய 1,300 சுற்றுகள். 10 மில்லிமீட்டர் கத்திக்கு 800 சுற்றுகள் போதும். கத்தி பெரிதானால் வேகம் குறைய வேண்டும் என்பதை மறவாதிருப்போமாக.

3.5 மில்லிமீட்டர் ஆழத்தையும் ஒரே முறையில் வெட்ட முயல வேண்டாம். முறைக்கு அரை மில்லிமீட்டராக ஏழு முறை வெட்டினால் கத்தியும் பிழைக்கும். பள்ளமும் நேராக அமையும்.

அளக்கும் கருவிகள்

பால்வெட்டில் வளர்படலத்திற்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் முன்பாகவே கத்தியை நிறுத்தும் திறமை நம்மவர் கைகளுக்கு உண்டு. இயந்திர வேலையில் அத்திறமையோடு அளவுகோலும் சேர வேண்டும். 150 மில்லிமீட்டர் வெர்னியர் காலிப்பர், காந்தப் பீடத்துடன் 0.01 மில்லிமீட்டர் காட்டும் டயல் இண்டிகேட்டர், விளிம்பு காட்டி ஆகிய மூன்றும் தொடக்கத்திற்குப் போதுமானவை.

இண்டிகேட்டரைக் கொண்டு வைஸின் தாடை, மேசை நகரும் திசைக்கு இணையாக உள்ளதா என்று சோதிக்கலாம். விளிம்பு காட்டி, தண்டின் நடுவைக் கண்டறிய உதவும். அதன் முனை 10 மில்லிமீட்டர் விட்டமுடையதாயின், தண்டின் பக்கத்தைத் தொட்ட இடத்திலிருந்து, முனையை மேலே உயர்த்திய பின், தண்டின் பாதி 10, முனையின் பாதி 5, ஆக மொத்தம் 15 மில்லிமீட்டர் நகர்த்தினால் நடு கிடைத்துவிடும். கைச்சக்கரத்தில் சிறிது தளர்ச்சி இருப்பது இயல்பு. ஆதலால் எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவை அணுகுக.

உடலைக் காக்கும் பொருள்கள்

கண்ணாடிக்கும் தூரிகைக்கும் ஆகும் செலவு மிகச் சிறிது. அவை இன்மையால் வரும் இழப்போ ஈடு செய்ய முடியாதது. சீவல் தெறிக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி இன்றி நிற்கலாகாது. சீவலைக் கையால் தள்ளாமல், இயந்திரத்தை நிறுத்திய பின் தூரிகையால் அகற்றுக. சுழலும் இயந்திரத்தின் அருகே கையுறை, தொங்கும் சட்டைக்கை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை கூடா. கையுறையைக் கத்தி பற்றினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும்.

பின்னர் வாங்கத்தக்கவை

சுழல் மேசை, பிரிப்புத் தலை, துளை அகலப்படுத்தும் தலை, பெரிய முகக் கத்தி முதலியன பயனுள்ளவையே. எனினும், அவற்றைக் கேட்கும் வேலை கைக்கு வரும்வரை பொறுத்திருக்கலாம். வந்த வேலையின் கூலியில் ஒரு பகுதியை ஒதுக்கி, அடுத்த கருவியை வாங்குவதே கடனில்லாத வழி.

கருவியை வாங்குமுன் அதைக் கையாளக் கற்பது இன்னும் சிறந்தது. பயிற்சி நிலையங்களில் பயின்று மலேசியத் திறன் சான்றிதழ் பெறுவோர், எந்தக் கருவி எதற்கு என்பதைப் பிறர் பணத்தில் அல்லாமல் பயிற்சியிலேயே அறிந்துகொள்வர்.

பெற்றோர்களே, பிள்ளைகள் கருவி வாங்கப் பணம் கேட்கும்போது, “இதைக் கொண்டு முதலில் என்ன வேலை செய்வாய்?” என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான விடை கிடைக்குமாயின், அப்பணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம்.