காது கேளாத காவல்நாய்

பனமலைக் குன்றின் மேல் இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோவிலைக் காண வருகிற வெளியூரார், மேலே நின்று ஏரியையும் கழனிகளையும் பார்த்து மகிழ்ந்து திரும்பிவிடுவர். அந்தக் கழனிகளில் மணிலா பயிரிட்டிருப்பவன் இரவை எப்படிக் கழிக்கிறான் என்று அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. காய் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றி வரும். பயிர் இல்லாத நாட்களில் மோட்டார்க் கொட்டகையிலுள்ள செம்புக் கம்பியைத் தேடி மனிதன் வருவான். இரண்டுக்கும் சிறு விவசாயி நம்பியிருப்பது ஒரு நாயைத்தான்.

எங்கள் பங்கின் கிளைக் கிராமம் ஒன்றில் வாழும் ஒரு குடும்பத்தார் சென்ற ஆண்டு ஆவணியில் இராஜபாளையம் இனக் குட்டி ஒன்றை வாங்கினார்கள். அவர்கள் பெயர் இங்கே வேண்டாம். விற்றவர் பெயரும் வேண்டாம். விலை 14,000 ரூபாய். பால் சொசைட்டியில் மாதாமாதம் விழுந்த காசை வீட்டம்மாள் சிறுகச் சேர்த்து வைத்த தொகை அது. தென் மாவட்டத்திலுள்ள நாய்ப்பண்ணைக்காரர் ஒருவருடன் பேச்செல்லாம் கைப்பேசியிலேயே முடிந்தது. குட்டி ஆம்னி பஸ்ஸில் அட்டைப்பெட்டிக்குள் அமர்ந்து விழுப்புரம் வந்து சேர்ந்தது. பால் போல் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு. பிள்ளைகள் இருவரும் அன்றிரவு உறங்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

தீபாவளி கழிந்து இரண்டு வாரம் இருக்கும். ஞாயிறு திருப்பலி முடிந்து நான் திருவுடை களைந்துகொண்டிருக்கையில் குடும்பத் தலைவர் சக்ரீஸ்து வாசலில் வந்து நின்றார். "சாமி, அந்த நாய்க்கு இரண்டு காதும் கேட்கவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்" என்றார். சிறிது நேரம் கழித்து, "கூப்பிட்டால் வராது, திமிர் என்று நினைத்தேன். பல முறை அடித்துவிட்டேன் சாமி" என்று சொல்லித் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பணம் போனதைவிட அடித்ததே அவரை அதிகம் உறுத்தியது என்பதை அப்போதே கண்டுகொண்டேன். ஆனால் அவரைச் சூழ்ந்து நின்ற இளைஞர்களுக்குப் பணமே பெரிதாயிருந்தது. விற்றவரிடம் கேட்டதற்கு, "வெடிச் சத்தத்தில் நீங்கள் காதைக் கெடுத்துவிட்டு என்னைக் குறை சொல்கிறீர்களா?" என்று சீறிவிட்டு, பின்னர் அழைப்பையே எடுப்பதில்லையாம். ஒரு வேன் பிடித்து நேரே போய்க் கேட்போம் என்றான் ஒருவன். ஆளின் படத்தையும் எண்ணையும் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் போடுவோம் என்றான் மற்றொருவன். இருவரும் நல்ல பிள்ளைகள். அநீதி கண்டு கொதிக்கும் வயது. ஆயினும் பத்துப் பேர் வேனில் போய் இறங்கினால் வழக்கு நம் மீது திரும்பும். நிரூபிக்காத குற்றத்தை ஊரறியப் பரப்பினால் அது அவதூறு. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அதற்குத் தண்டனை விதிக்கிறது. எட்டாம் கட்டளையை நான் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை; சட்டப் பிரிவே அவர்களை அமரச் செய்தது.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்க வேண்டுமானால் முதலில் அவரிடமே கடினமான கேள்விகளைக் கேட்டாக வேண்டும். எதிராளி கேட்கப்போவதை நாம் முன்பே கேட்டுவிடுவது நல்லது. குட்டி வந்த தேதி என்ன? அப்போது அதற்கு என்ன வயது என்று சொன்னார்கள்? பணம் எப்படிக் கொடுக்கப்பட்டது? காவலுக்கு வேண்டும் என்று வாங்கும்போதே சொன்னீர்களா? தீபாவளியன்று நாய் எங்கே கட்டியிருந்தது? காதில் சீழோ புண்ணோ வந்ததுண்டா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்தார்கள். "சாமியும் நம்மையே சந்தேகப்படுகிறாரே" என்று வீட்டம்மாள் முணுமுணுத்தது என் செவியில் விழுந்தது.

விடைகள் ஒவ்வொன்றாக வந்தன. வந்தபோது வயது 45 நாள் என்று விற்றவரே எழுதியிருந்தார். பணம் கைப்பேசி வழியாகப் போயிருந்ததால் பதிவு இருந்தது. "கழனிக் காவலுக்கு நல்ல குட்டியாக வேண்டும்" என்று இவர் பேசி அனுப்பிய குரல் பதிவும் அழியாமல் இருந்தது. ரசீது இல்லை. தடுப்பூசி அட்டை இல்லை. கெனல் கிளப் சான்றிதழ் பின்னால் வரும் என்று சொன்னது வரவேயில்லை. (சென்னையிலுள்ள இந்தியக் கெனல் கிளப் தரும் பதிவுச் சான்று நாயின் குலவரிசையைச் சொல்வது, அதன் உடல்நலத்துக்கு அது உத்தரவாதமாகாது. பலரும் இதை அறியாமல் அந்தத் தாளுக்காகவே கூடுதல் விலை தருகிறார்கள்.)

வெடிச் சத்தம் பற்றிய வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. மிகப் பெரிய ஓசை நாயின் செவியையும் கெடுக்கக்கூடும். ஆதலால் மறுநாள் கால்நடை மருத்துவரையே போய்ப் பார்த்தேன். அவர் விளக்கியது இது: நாய்க்குட்டி பிறக்கும்போது அதன் காதுத் துளை மூடியிருக்கும், இரண்டு வாரமளவில் திறக்கும். உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் உயிர் வாழ, அங்கே நிறமி செல்கள் இருந்தாக வேண்டும். உடலெங்கும் வெண்மையான நாய்களில் சிலவற்றுக்கு உட்செவியிலும் நிறமி செல்கள் இல்லாமற் போகின்றன. அப்போது ஒலியுணர் செல்கள் மூன்று நான்கு வாரத்துக்குள் மடிந்துவிடும், மீண்டும் வளர்வதில்லை. டால்மேஷியன் என்னும் புள்ளி நாய்களை அமெரிக்காவில் சோதித்துப் பார்த்ததில் ஏறக்குறைய பத்தில் மூன்றுக்கு ஒரு காதோ இரு காதுமோ கேட்கவில்லையாம். நம் இராஜபாளையம் இனத்திலும் இக்குறை உள்ளதென்பது அந்தத் தொழில் செய்வோர் அறிந்த செய்தியே.

இங்கே ஓர் உண்மையையும் சொல்லத்தான் வேண்டும். 2005இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இராஜபாளையமும் அதில் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோதும் அதன் பெயர் ஒலித்தது. புகழ் பெருகப் பெருக வாங்குவோரும் பெருகினர். வாங்குகிற நாம் கேட்பதோ ஒரு புள்ளியும் இல்லாத பால் வெள்ளை. கேட்கிற நிறத்தைத்தான் விற்பவர் பெருக்குவார். எங்கள் குடும்பத் தலைவரும் நிறத்தைப் பற்றி மூன்று தடவை கேட்டிருந்தார். காதைப் பற்றி ஒரு தடவையும் கேட்கவில்லை. அவரே அந்தச் செய்திகளை எனக்குக் காட்டிச் சங்கடத்துடன் சிரித்தார்.

திருப்பம் அந்த வீட்டுப் பெண்ணால் வந்தது. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். விற்பனைக்கு முன் பண்ணைக்காரர் அனுப்பிய காணொளியை அவள் பத்திரப்படுத்தியிருந்தாள். ஒரே ஈற்றுக் குட்டிகள் ஐந்து சாக்கின் மேல் உறங்குகின்றன. பின்னாலிருந்து யாரோ அலுமினியத் தட்டைக் கரண்டியால் தட்டுகிறார்கள். நான்கு குட்டிகள் துள்ளி எழுந்து ஓடுகின்றன. ஐந்தாவது அசையவேயில்லை. "இது ரொம்பச் சாது, குழந்தைகளுக்கு ஏற்றது" என்ற குரல் கேட்கிறது. அதுதான் இவர்கள் வாங்கிய குட்டி. தீபாவளிக்கு இரண்டு மாதம் முந்திய படம்!

விற்றவர் அறிந்தே ஏமாற்றினாரா? விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தில் முட்டும் மாட்டைப் பற்றிய சட்டம் உண்டு. முதன்முறை முட்டினால் உரிமையாளர் மீது பழியில்லை. முன்பே முட்டும் மாடு என்று எச்சரிக்கப்பட்டும் கட்டி வைக்காவிட்டால் பழி முழுதும் அவருக்கே. அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். குரலில் வஞ்சகம் தெரியவில்லை. செவிட்டுக் குட்டியைச் சாதுக்குட்டி என்று அவர் உண்மையாகவே எண்ணியிருக்கவும் கூடும். ஆகவே கடிதத்தில் 'மோசடி' என்ற சொல் வேண்டாமென்று சொன்னேன். சட்டத்துக்கு அந்தச் சொல் தேவையும் இல்லை. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் 16ஆம் பிரிவின்படி, இன்ன பயனுக்கென்று சொல்லி, விற்பவரின் தொழிலறிவை நம்பி வாங்கிய பொருள் அந்தப் பயனுக்குத் தகுதியாக இருக்க வேண்டும்; குறையை விற்றவர் முன்பே அறிந்திருந்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. சட்டத்தின் கண்ணுக்கு நாயும் ஒரு பொருள்தான். கேட்க நன்றாயில்லை; ஆனால் அந்த வறண்ட சொல்லே ஏழைக்கு நீதிமன்றக் கதவைத் திறக்கிறது.

கதவுகள் உண்மையில் இரண்டு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2017இல் மத்திய அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, இத்தொழில் செய்வோர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது. தடுப்பூசி போட்டு, மைக்ரோசிப் பொருத்தி, விற்பனைக் கணக்கும் வைக்க வேண்டும். 45 நாள் என்பது எட்டு வாரமல்ல என்பதைச் சிறு பிள்ளையும் கணக்கிடும். எனினும் ஊரெங்கும் அதுவே வழக்கமாக நடக்கிறது. வாரியத்திடம் முறையிட்டால் பண்ணைக்காரர் மீது நடவடிக்கை வரலாம். நம் பணம் அதனால் திரும்பாது. பணத்துக்கு வழி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. முன்பு எதிராளி இருக்கும் ஊரிலோ விவகாரம் நடந்த ஊரிலோதான் வழக்கிட வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் இச்சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம். பனமலைக்காரர் விழுப்புரம் ஆணையத்துக்குப் போனால் போதும். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமலும் பேசலாம். இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். சில மாதங்களில் தீர்க்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது; நடைமுறையில் வாய்தா வாங்கிப் பழகியவர்கள் நம் நாட்டில் குறைவா?

ஆதலின் முதலில் ஒரு கடிதம். மகள் எழுத, தகப்பனார் கையெழுத்திட்டார். ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. தேதிகள், தொகை, கேட்ட பயன், மருத்துவர் சான்று, காணொளி, என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும். வசைச்சொல் ஒன்றும் இல்லை. விரைவுத் தபாலில், பெற்றுக்கொண்டதற்குச் சான்று கிடைக்கும்படி அனுப்பினோம்.

ஒன்பதாம் நாள் அவரே அழைத்தார். குடும்பத்தார் வேண்டுகோளின்படி நான் பேசினேன். குரல் இறங்கியிருந்தது. "நாயைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள் சாமி, வேறு குட்டி தருகிறேன்" என்றார். நியாயமான பேச்சு என்றே எனக்குத் தோன்றியது. அருகில் நின்ற பெண், "திரும்பப் போனால் இதை என்ன செய்வார் என்று கேளுங்கள் சாமி" என்றாள். கேட்டேன். மறுமுனையில் பதில் வரவில்லை. நெடுநேரம் வரவில்லை.

அந்த அமைதிக்குப் பிறகு அவ்வீட்டில் எவரும் நாயை அனுப்புவது பற்றிப் பேசவில்லை. நாயை வைத்துக்கொள்வது, விலையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவது என்று கோரிக்கை மாறியது. பண்ணைக்காரருக்கும் கடன் இருந்தது. நாய்த்தீவனக் கடையில் அவர் தவணை சொல்லி நிற்பதை மறைக்காமல் சொன்னார். 8,000 ரூபாய் என்று முடிவாகி, இரண்டு தவணையில் வந்து சேர்ந்தது. இரு தரப்பும் எழுதிக் கையொப்பமிட்ட தாளின் படி ஒன்று என் மேசையில் இருக்கிறது. அந்த ஜோடியை இனிச் சேர்ப்பதில்லை என்றும் வாய்மொழியாகச் சொன்னார். இளைஞர்களில் சிலருக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. முழுத் தொகையும் வாங்கியிருக்கலாம் என்று இன்றும் சொல்கிறார்கள். வாங்கியிருக்கலாம்தான். விழுப்புரத்துக்குப் பல நடை நடந்திருக்கவும் வேண்டும்.

இப்போது அந்த நாயைக் கையசைத்து அழைக்கிறார்கள். உள்ளங்கையைத் தாழ்த்தினால் உட்காரும். இரவில் கைவிளக்கை இருமுறை மினுக்கினால் எங்கிருந்தாலும் ஓடி வரும். உறங்கும்போது திடீரென்று தொட்டால் பயந்து கடிக்கக்கூடுமாதலால், சற்றுத் தள்ளி நின்று தரையைக் காலால் தட்டி எழுப்ப வேண்டுமென்று மருத்துவர் சொன்னதைச் சிறுவன் வருகிறவர்களுக்கெல்லாம் பாடமாக ஒப்பிக்கிறான். வண்டி வரும் சாலைப்பக்கம் கயிறின்றி விடுவதில்லை. அடித்த கையாலேயே தகப்பனார் தினமும் சோறு வைக்கிறார்.

காவல்? அந்தக் கழனியில் முன்பே ஒரு கிழட்டு நாட்டு நாய் உண்டு. விலை கொடுத்து வாங்கியதன்று. தானாக வந்து சேர்ந்தது. சென்ற மாதம் நோயாளி ஒருவருக்கு நன்மை கொடுத்துவிட்டு இரவில் அவ்வழியே திரும்பினேன். என் மோட்டார் சைக்கிள் ஓசை கேட்டுக் கிழட்டு நாய் காதை விறைத்தது. பக்கத்தில் படுத்திருந்த வெள்ளை நாய் அதன் காதைப் பார்த்தது. பார்த்த மாத்திரத்தில் வரப்பைத் தாண்டிப் பாய்ந்து என் முன்னே நின்று, தான் கேட்டறியாத தன் குரலால் குரைத்தது.