மைசூர் மாவில் ஒரு ரோல்

மைசூர் தேவராஜ மார்க்கெட்டை ஒட்டிய சயாஜி ராவ் சாலையில் மைசூர்பாகு வாங்காமல் ஊர் திரும்புகிறவர்கள் குறைவு. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைச் சமையற்காரர் காகாசுர மாதப்பா கிண்டிய இனிப்பு என்பது ஊரறிந்த கதை. கடலை மாவு, நெய், சர்க்கரை, அவ்வளவுதான். கடலை பருப்பு வகையைச் சேர்ந்தது, தானியமல்ல. ஆக, 'கிரெயின் ஃப்ரீ' என்று இன்று பேக்கரிப் பெட்டிகளில் அச்சடிக்கும் தகுதி இந்தப் பலகாரத்துக்குப் பிறவியிலேயே உண்டு.

அதே ஊரில் இன்னொரு சங்கதியும் நடந்தது. 1950-ல் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அரிசிக்குத் தட்டுப்பாடு நிலவிய காலம். முதல் இயக்குநர் வி. சுப்ரமணியனும் சகாக்களும் மரவள்ளிக் கிழங்கு மாவு 75 பங்கு, எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவு 25 பங்கு கலந்தார்கள். அதற்கு 'மைசூர் மாவு' என்றே பெயர். கிழங்கில் குறைவாக உள்ள புரதத்தை நிலக்கடலை கொடுத்தது.

அன்று பஞ்சத்துக்குப் போட்ட அந்தக் கணக்கு இன்று ஓவனுக்கும் உதவுகிறது. கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளி வீட்டில் இருந்தால், பட்டை மணக்கும் இனிப்பு ரோலை இதே வழியில் செய்யலாம்.

பாதாம் மாவு 200 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 100 கிராம், பொடித்த இசப்கோல் 15 கிராம், சமையல் சோடா அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. இவற்றோடு 2 முட்டை, 30 கிராம் நெய், ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்துப் பிசையுங்கள். பேக்கிங் பவுடர் வேண்டாம். கடையில் விற்பது பலவற்றில் சோள மாவு கலந்திருக்கும். சோளமும் தானியம்தானே!

முதலில் மாவு கூழாக இருக்கும். பயந்துபோய் மேலும் மாவு கொட்டாதீர்கள். பத்து நிமிடத்தில் இசப்கோல் தண்ணீரை இழுத்துக்கொண்டு இறுகும். கோதுமை மாவில் காற்றைப் பிடித்துவைக்கும் குளூட்டன் செய்கிற வேலையை இங்கே இசப்கோலும் முட்டையும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆனால் இந்த மாவு இழுபடாது, சப்பாத்திபோல் தேய்த்தால் விரிசல் விடும். எண்ணெய் தடவிய இரண்டு வாழையிலைகளுக்கு நடுவே வைத்து, போளி தட்டுவதுபோலத் தட்டிப் பரப்புங்கள்.

மேலே நெய் தடவி, பொடித்த வெல்லம், பட்டைத்தூள், ஏலக்காய் தூவுங்கள். இலையைத் தூக்கித் தூக்கிப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டுங்கள். கத்தி வைத்தால் நசுங்கும். தையல் நூலை அடியில் கொடுத்து, மேலே இரு முனையையும் குறுக்காக இழுத்தால் சுருள் கலையாமல் துண்டாகும். ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் வேகட்டும். வெளியே எடுத்ததும் பிய்த்தால் உள்ளே பசைபோல் ஒட்டும். மரவள்ளியின் குணம் அது. அரை மணி நேரம் ஆறட்டும்.

பாதாம் விலை கையைச் சுடுகிறதா? மைசூர் மாவை நினைத்துக்கொள்ளுங்கள். பாதாமில் பாதியைக் குறைத்து, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையைப் பொடித்துச் சேர்க்கலாம். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தானியம் இல்லை என்பதால் சர்க்கரை இல்லை என்று ஆகிவிடாது. மரவள்ளியும் வெல்லமும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இதுவும் மைசூர்பாகும் ஒரே கணக்குதான்.