பூங்காவில் பயிலும் காரணப்பெயர்கள்

‘பறவை’ என்பது காரணப் பொதுப்பெயர். ‘மரங்கொத்தி’ என்பது காரணச் சிறப்புப்பெயர். இலக்கண வகுப்பில் இவ்வெடுத்துக்காட்டுகளை ஒப்பிக்காத மாணவர் இலர். எனினும் மரங்கொத்தியைக் கண்டவர் அவருள் எத்துணையர்? அருகிலுள்ள பூங்காவில் அரைமணி நேரம் மெல்ல நடப்போமாயின், நூலிற் படித்த காரணப்பெயர்களை உயிரோடு காணலாம்.

இலை விளிம்புகளைத் துளையிட்டு, பஞ்சும் நாரும் கொண்டு இணைத்துக் கூடமைப்பது தையற்சிட்டு. நீரோரத்தில் ஓயாது வாலசைத்துத் திரிவது வாலாட்டி. கம்பியில் அமர்ந்து பறக்கும் பூச்சிகளைப் பாய்ந்து பற்றுவது கரிச்சான். அதனையே இரட்டைவால் குருவி என்பாரும் உளர். முன்னது நிறம் பற்றிய பெயர். பின்னது வால் பற்றிய பெயர். முன்னங்கால்களைக் குவித்து நிற்பது கும்பிடுபூச்சி. ஆயின் அது வணக்கமன்று. முள்ளடர்ந்த அக்கால்கள் பிற பூச்சிகளைப் பற்றுதற்கென்றே அமைந்தவை. இப்பெயர்கள் ஒவ்வொன்றும் நம் முன்னோர் கூர்ந்து நோக்கியதற்குச் சான்றாகும்.

பெயர் படைக்கும் ஆற்றல் இன்றும் வற்றிவிடவில்லை. வெந்தய நிறமும் கருவரிகளும் உடைய வண்ணத்துப்பூச்சி ‘வெந்தய வரியன்’ எனப்படுகின்றது. 2019ஆம் ஆண்டில் தமிழக அரசு மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது ‘தமிழ் மறவன்’ ஆகும். திருச்சிராப்பள்ளியை அடுத்து, காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே 2015இல் வண்ணத்துப்பூச்சிகளுக்கெனவே ஒரு பூங்கா திறக்கப்பெற்றது.

அத்தகைய பூங்கா பூக்களால் மட்டும் அமைவதன்று. வெந்தய வரியன் முட்டையிடுவது எருக்கின் இலையில். அவ்விலையை உண்ணும் புழு அதன் நஞ்சைத் தன்னுள் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதனை விலக்குகின்றன. எருக்கைக் ‘களை’ என்று நாம் வேரோடு களைந்தால், வெந்தய வரியனும் நம்மிடம் விடைபெறும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வேறு சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு உணவாகின்றன.

திருக்குர்ஆனில் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயரையும், 27ஆம் அத்தியாயம் எறும்பின் பெயரையும் தாங்கியுள்ளன. நபி சுலைமான் (அலை) அவர்களிடம் சபா நாட்டுச் செய்தியைக் கொணர்ந்த ஹுத்ஹுத், நம் புற்றரையில் நீண்ட அலகால் மண்ணைக் குத்திப் புழு தேடும் கொண்டலாத்தியே. எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், கீச்சான் ஆகிய நான்கையும் கொல்லலாகாதென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததை அபூதாவூத் நபிமொழித் தொகுப்பு உரைக்கின்றது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987), தம் ‘இந்தியப் பறவைகள்’ நூலை 1941இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, பொதுமக்களும் பறவைகளை இனங்காண வழிவகுத்தார்.

எல்லாவற்றையும் ‘குருவி’ என்றும் ‘பூச்சி’ என்றும் அழைத்துப் பழகியவர்க்கு, அவற்றுள் ஒன்று மறைந்துபோனாலும் அது மறைந்ததென்றே தெரியாது. பெயரறிந்தவரே இழப்பை உணர்வர். உணர்ந்தவரே காக்க முற்படுவர். ஆகவே மாணவர்கள் ஒரு குறிப்பேட்டுடன் பூங்காவிற்குச் செல்க. கண்ட நாள், இடம், நிறம், ஒலி, செயல் ஆகியவற்றைக் குறித்து வருக. பின்னர் அவ்வுயிர்க்குத் தம் ஊரில் வழங்கும் பெயர் யாதென வீட்டுப் பெரியவர்களிடம் வினவுக. பெரியோர்களும் தாம் இளமையில் அறிந்த பெயர்களை எடுத்துரைத்து உதவுவார்களாக. அகராதியில் ஏறாத பெயர்கள் பல அவர்தம் நாவில்தான் உள்ளன. அவற்றைத் தொகுத்தல் தமிழ்த்துறை மாணவர்க்கு உரிய பணியாகும்.