கறுப்புத் திரைக்குப் பயப்படலாமா?

தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் மைசூரு வந்து இறங்கும் தமிழ் இளைஞர்களில் சிலர் மூட்டை முடிச்சோடு நேரே போவது ஹெப்பாலுக்கு. அங்கே 300 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் இன்போசிஸ் வளாகத்தில், புதிதாய்ச் சேர்ந்த எஞ்சினீயர்களுக்கு மாதக்கணக்கில் பாடம் நடக்கிறது. மவுசால் படத்தைச் சுட்டியே பழகிய பிள்ளைகளை முதலில் மிரட்டுவது படமே இல்லாத கறுப்புத் திரைதான். ஒரு சிறு கோடு மட்டும் கண் சிமிட்டும். ஆணையைத் தட்டினால்தான் வேலை நடக்கும்.

பழங்காலத்துச் சங்கதி என்று தள்ளுவதற்கில்லை. இன்றைக்கும் இன்டர்நெட்டைத் தாங்கும் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன. அதற்கு முன்னோடி யூனிக்ஸ். 1984ல் ரங்கராஜன் குழு அறிக்கை தந்தபின் பாங்குகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தபோது, பல கிளைகளில் குமாஸ்தாக்கள் பார்த்ததும் இந்த யூனிக்ஸ் திரையைத்தான்.

யூனிக்ஸ் 1969ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் அதன் கர்த்தாக்கள். அன்று கம்ப்யூட்டரோடு பேச டெலிபிரிண்டர் மாதிரி ஓர் இயந்திரம். விநாடிக்குப் பத்து எழுத்துத்தான் அடிக்கும். அதனால் ஆணைகளும் குட்டை. 'பி.டபிள்யூ.டி.' என்றால் நம்மவர்களுக்குப் பொதுப்பணித் துறை. யூனிக்ஸிலோ 'நான் எங்கே நிற்கிறேன்?' என்ற கேள்வி. தேவராஜா மார்க்கெட்டுக்குள் வழி தெரியாமல் நிற்பவர் முதலில் கேட்பதும் அதுதானே! 'எல்.எஸ்.' அங்கே என்னென்ன இருக்கிறது என்று சொல்லும். 'சி.டி.' வேறு அறைக்கு அழைத்துப் போகும். 'சி.பி.' நகல் எடுக்கும். ஒரு வாரம் விரல் பழகினால் போதும்.

'ஆர்.எம்.' மட்டும் பொல்லாதது. அழித்துவிடும், குப்பைக் கூடையிலிருந்து திரும்ப எடுக்கலாம் என்ற பேச்சே இல்லை. நட்சத்திரக் குறிக்கு 'எல்லாம்' என்று பொருள். 'பேக்' என்று முடியும் பழைய நகல்களை மட்டும் அழிக்க, நட்சத்திரம் போட்டு, ஒட்டினாற்போல் '.பேக்' என்று ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். நடுவில் கை தவறி ஓர் இடைவெளி விழுந்தால்? அந்த அறையிலுள்ள கோப்புகள் அத்தனையும் போய்விடும். மாதக் கடைசிச் சம்பளப் பட்டியலும் சேர்த்துத்தான். 'நிச்சயமா?' என்றுகூடச் சாதாரணமாகக் கேட்காது.

தப்பிக்க வழி உண்டு. அதே குறியோடு முதலில் 'எல்.எஸ்.' போட்டு, எவையெல்லாம் சிக்குகின்றன என்று பார்த்துக்கொள்ளலாம். 'ஆர்.எம்.' பக்கத்தில் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் 'ஐ' எழுத்தும் சேர்த்தால், ஒவ்வொரு கோப்புக்கும் அனுமதி கேட்கும். எல்லாம் சின்ன எழுத்தில் இருக்க வேண்டும். பெரிய எழுத்தில் அடித்தால் அந்த ஆணையே தெரியாது என்று சொல்லிவிடும்.

லினக்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரே போதும். சந்தேகம் வந்தால் 'மேன்' என்று அடித்து, இடைவெளி விட்டு ஆணையின் பெயரையும் அடித்தால் விளக்கம் வரும். பெரும்பாலும் இங்கிலீஷில்தான். பக்கத்தில் ஒரு டிக்ஷனரி இருக்கட்டும்.