மர்யம்: ஒரு பெயர் வந்த வழி

பிள்ளை பிறந்த ஏழாம் நாள் நெருங்கிவிட்டால் வீட்டில் பெயர்ப் பேச்சுதான். வாப்பும்மா ஒன்று சொல்வார், உம்மம்மா இன்னொன்று சொல்வார், வெளிநாட்டில் இருக்கும் மாமா வாட்ஸ்அப்பில் பத்துப் பெயர் அனுப்புவார். அந்தக் கூட்டத்தில் யாராவது "மர்யம்" என்றால் உடனே இரண்டு கேள்விகள் எழுகின்றன. அது கிறிஸ்தவப் பெயர் அல்லவா? அதற்குக் "கசப்பு" என்று பொருள் போட்டிருக்கிறார்களே? இந்த இரண்டையும் நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் குர்ஆன். இம்ரானின் மனைவி, தம் வயிற்றில் இருக்கும் பிள்ளையை அல்லாஹ்வின் பணிக்கென்று நேர்ந்துகொள்கிறார். ஆண் பிள்ளையை எதிர்பார்த்தவருக்குப் பெண் பிறக்கிறது. அந்தத் திகைப்பை இறைவனிடமே சொல்லிவிட்டு, அதே மூச்சில் குழந்தைக்கு மர்யம் என்று தாமே பெயரிடுகிறார். அவளையும் அவள் சந்ததியையும் ஷைத்தானிடமிருந்து காக்கும்படி துஆவும் கேட்கிறார் (3:35, 36). பெயர் வைத்தது தாய் என்பதை நம் வீட்டு ஆண்கள் கவனிக்க வேண்டும்! அல்லாஹ் அந்தப் பெண் குழந்தையை அழகிய முறையில் ஏற்றுக்கொண்டான் என்று அடுத்த வசனம் சொல்கிறது.

குர்ஆனில் சொந்தப் பெயரால் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம் (அலை) அவர்கள்தான். ஹவ்வா, ஆசியா போன்ற பெயர்களை நாம் ஹதீஸ்கள் வழியாகவும் வரலாறு வழியாகவும் அறிகிறோம்; குர்ஆனில் அந்தப் பெயர்கள் இல்லை. மர்யம் என்ற பெயரோ 34 இடங்களில் வருகிறது. 98 வசனங்கள் கொண்ட 19ஆம் அத்தியாயத்துக்கே அந்தப் பெயர்தான். அபிசீனியாவில் நஜ்ஜாஷி மன்னரின் அவையில் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) ஓதிக் காட்டியது இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தைத்தான். மன்னர் கண்ணீர் விட்டார் என்று சீரா நூல்கள் சொல்கின்றன.

ஆனால் பெயர் அதைவிடப் பழையது. எபிரேய மொழியில் மிர்யாம். தவ்ராத் மரபில் மூஸா (அலை) அவர்களின் சகோதரிக்கு இந்தப் பெயர். கிரேக்கத்தில் மரியாம் என்றும் மரியா என்றும் ஆகி, லத்தீனில் மரியா, பிரெஞ்சில் மாரி, ஆங்கிலத்தில் மேரி என்று உருமாறியது. தமிழ் வேதாகமத்திலேயே மூஸா நபியின் சகோதரி "மிரியாம்", ஈஸா நபியின் தாய் "மரியாள்" என்று இரண்டு பெயர்களாக நிற்கிறார்கள். மூலத்தில் இரண்டும் ஒன்றே. ஆக, பக்கத்து வீட்டு மேரியும் நம் வீட்டு மர்யமும் ஒரே பெயர்க்காரர்கள். ஒருவரிடமிருந்து மற்றவர் இரவல் வாங்கவில்லை, இருவருக்கும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். மாரியம்மாள் மட்டும் இந்த உறவில் சேராதவர். அந்த "மாரி" மழையைக் குறிக்கும் தமிழ்ச் சொல்.

"ஹாரூனின் சகோதரியே" என்று மர்யம் (அலை) அவர்களை மக்கள் அழைத்ததாக 19:28 சொல்கிறது. மூஸா, ஹாரூன் நபிமார்கள் ஈஸா நபிக்கு வெகுகாலம் முந்தியவர்களாயிற்றே என்று நஜ்ரான் மக்கள் முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். அவர் திரும்பி வந்து நபி (ஸல்) அவர்களிடம் இதைச் சொன்னார். தங்களுக்கு முன் வாழ்ந்த நபிமார்கள், நல்லோர்களின் பெயர்களை அம்மக்கள் தம் பிள்ளைகளுக்குச் சூட்டிவந்தார்கள் என்பதே பதிலாக வந்தது. இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. பெயர் வைக்கும் வழக்கம் குறித்து இதைவிடத் தெளிவான சான்று நமக்குத் தேவையில்லை.

இனி பொருள். மொழி அறிஞர்களிடையே முடிவான கருத்து இல்லை. "மர்" என்ற எபிரேயச் சொல்லுக்குக் கசப்பு என்று பொருள். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த காலத்தின் கசப்பை அந்தப் பெயரோடு யூத மரபு இணைத்துப் பார்க்கிறது. இணையத்தில் சுற்றும் "கசப்பு" இங்கிருந்து வந்ததுதான். பண்டைய எகிப்திய மொழியில் "பிரியமானவள்" என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. குர்ஆன் விரிவுரையாளர் ஸமக்ஷரீ, அவர்களின் மொழியில் மர்யம் என்றால் "வணக்கசாலிப் பெண்" என்று எழுதுகிறார். அந்தத் தாயின் நேர்ச்சையோடு பொருந்துவது இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. நாலு கருத்துகளில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு வலைத்தளம் பயமுறுத்துவதற்காக நாம் பின்வாங்க வேண்டியதில்லை.

முஸ்லிம் நாடுகளில் இந்தப் பெயர் போகாத இடமில்லை. துருக்கியில் மெர்யெம், மேற்கு ஆப்பிரிக்காவில் மரியாமா. ஈரானில் இது ஒரு பூவின் பெயரும்கூட: நாம் நிலச்சம்பங்கி என்போமே, அதை அங்கே "குலே மர்யம்" என்பார்கள். கணிதத்தின் ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014இல் பெற்ற முதல் பெண் மர்யம் மிர்ஸாகானி அந்த நாட்டில் பிறந்தவர். முகலாய அரண்மனையில் இது பட்டமாகவே இருந்தது: அக்பரின் தாய் ஹமீதா பானு "மர்யம் மகானி", ஜஹாங்கீரின் தாய் "மர்யமுஸ் ஸமானி". நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீமைப் பெற்றெடுத்த எகிப்தியரான மாரியா (ரலி) அவர்களின் பெயரை அரபியில் எழுதும் விதம் வேறு. மர்யம், மாரியா இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நம் ஊரில் மர்யம் பெரும்பாலும் மரியம் பீவி ஆனார். அதில் தவறில்லை, தமிழ் நாக்கு அப்படித்தான் சொல்லும். சிக்கல் காகிதத்தில்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், பள்ளியில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஆங்கில எழுத்துகள் வேறு விதம் என்றாகி, ஹஜ்ஜுக்கோ வெளிநாட்டு வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அலைய வேண்டியிருக்கிறது. பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரை 12 மாதம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டு வரை. மர்யமா மரியமா என்பதை அதற்குள் வீட்டில் பேசி முடித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக் கூட்டி ஒரு தாளில் எழுதி, பதிவு அலுவலகத்துக்கு அந்தத் தாளையே கொண்டுபோங்கள்.