காதுக்குள்ள 'கொய்ங்ங்...'!

காலை டவுன் பஸ். ஜன்னல் சீட். இயர்பட்ஸை ரெண்டு காதுலேயும் செருகி, பாட்டைத் தட்டினா... 'டமார்!' காதுக்குள்ள யாரோ சரவெடி கொளுத்தின மாதிரி! இது உங்களுக்கும் நடந்திருக்கும் பாஸ். எனக்குப் போன செமஸ்டர்ல நடந்தது. ரெண்டு நாளைக்கு இடது காதுல 'கொய்ங்'னு ஒரே ரீங்காரம். மறுநாள் வைவா வேற! எக்ஸ்டர்னல் கேட்ட முதல் கேள்வியே சரியா விழலை. மூணு தடவை 'என்ன சார்?'னு கேட்டேன். பதில் தெரியாம டைம் வாங்குறேன்னு நினைச்சிருப்பார். (அதுவும் பாதி உண்மைதான்!)

குற்றவாளி போன் இல்லை, சாட்சாத் நானேதான். முந்தின ராத்திரி ஹாஸ்டல்ல ரூம்மேட்டுக்குப் பர்த்டே. ப்ளூடூத் ஸ்பீக்கர் அலறணும்னு போன் வால்யூமை ஃபுல்லா ஏத்திட்டு, அப்படியே தூங்கிட்டேன்.

போன்ல இருக்கிறது ஒரே வால்யூம்னு நினைக்காதீங்க. பாட்டுக்கு ஒண்ணு, ரிங்டோனுக்கு ஒண்ணு, அலாரத்துக்கு ஒண்ணுனு தனித்தனி. அதிலேயும் பாட்டு வால்யூமை போன் ஸ்பீக்கர், ஒயர் ஹெட்செட், ப்ளூடூத்னு பிரிச்சுப் பிரிச்சு ஞாபகம் வெச்சுக்கும் ஆண்ட்ராய்ட். ஹெட்செட்டைச் செருகினதும் வால்யூம் கோடு தானா நகருதே, அது இதனாலதான்.

ப்ளூடூத்ல இன்னொரு கூத்து. போன்ல ஒரு வால்யூம், ஸ்பீக்கருக்குள்ள இன்னொரு வால்யூம். மொட்டைமாடித் தொட்டியில ஒரு வால்வு, பாத்ரூம்ல ஒரு குழாய் மாதிரி! ரெண்டையும் ஒண்ணா இணைச்சு நடத்துறதுக்குப் பேர் 'அப்சல்யூட் வால்யூம்'. அதை டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல போய் அணைச்சு வெச்சிருந்த மேதாவி நான். விளைவு? என் போனுக்கு எல்லா ப்ளூடூத்தும் ஒண்ணுதான். ஸ்பீக்கருக்கு வெச்ச ஃபுல், பட்ஸுக்கும் ஃபுல். ஸ்பீக்கர் அலமாரி மேல இருந்தது, பட்ஸ் காதுக்குள்ள இருக்கு. இது போதாதா?

விளையாட்டில்லை மக்களே. உள்காதில் ஒலியை உணர சுமார் 15,000 நுண்முடி செல்கள்தான் ஒவ்வொருத்தருக்கும். செத்தா மறுபடி முளைக்காது. 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல்னா 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்தே டெசிபல் ஏறினதுக்கு நேரம் பத்துல ஒண்ணாகிடுது, கவனிச்சீங்களா?

அதனால சாதனம் மாத்தும்போது இந்த வரிசை: பாட்டை நிறுத்து, கனெக்ட் பண்ணு, கோட்டைக் கால்வாசிக்கு இறக்கு, காதுல வை, அப்புறம் ப்ளே. கோட்டைப் பார்த்து நம்பாதீங்க. ஒரே பாதிக்கோடு ஒரு ஹெட்போன்ல முணுமுணுக்கும், இன்னொண்ணுல கத்தும். ஐபோன்காரங்க செட்டிங்ஸ்ல 'ஹெட்போன் சேஃப்டி'க்குப் போய் 'ரெட்யூஸ் லவுட் ஆடியோ'வை ஆன் பண்ணி, இத்தனை டெசிபலுக்கு மேல வேண்டாம்னு பூட்டு போட்டுடலாம். ரீங்காரம் அடங்கலைன்னா கூகுள்ல தேடாம இ.என்.டி. டாக்டர்கிட்ட ஓடுங்க.

என் காது தப்பிச்சது. அப்சல்யூட் வால்யூமையும் திரும்ப ஆன் பண்ணிட்டேன். ரூம்மேட்டோட அடுத்த பர்த்டேக்குப் பாட்டு... அவன் போன்லதான்!